முதலீட்டு நிர்வாகத் துறையில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.காம் முடித்தவர்கள், எம்.பி.ஏ படிப்பவர்கள், ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். சென்னை, கோவை, மதுரையிலிருந்து இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. படிப்பைவிடத் தொடர்புகளைப் பற்றித்தான் குழப்பம் அதிகம் என்பதால் அதற்கு அதிக இடம் போயிருக்கிறது.

முதலீட்டு நிர்வாகம்னா ஷேர் வாங்கி விக்கறதுதானே?

அடுத்தவர் பணத்தை, எழுதிவைத்த விதிகளுக்குள் நின்று, சொன்ன நோக்கத்துக்காக முதலீடு செய்து தரும் வேலை இது. மியூச்சுவல் ஃபண்டு நடத்தும் ஏஎம்சிகள், ஒருவர் குறைந்தது 50 லட்சம் ரூபாய் போட வேண்டிய பிஎம்எஸ் (ஒவ்வொரு வாடிக்கையாளரின் பணத்தையும் தனித்தனியாக நிர்வகிக்கும் சேவை), குறைந்தது 1 கோடி போட வேண்டிய ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு நிதி), காப்பீட்டு நிறுவனங்களின் முதலீட்டுப் பிரிவு எல்லாம் இதில் அடக்கம். இவர்களை ‘பை சைடு’ என்பார்கள். இவர்களுக்கு ஆய்வறிக்கை கொடுத்து ஆர்டர் வாங்கும் புரோக்கரேஜ்கள் ‘செல் சைடு’.

உள்ளே போனால் அனலிஸ்ட், ஃபண்டு மேனேஜர், டீலர் (சந்தையில் ஆர்டர் போடுபவர்), ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பது), விற்பனை, ஆபரேஷன்ஸ் என்று பல வேலைகள். எதை வாங்குவது, எதை விற்பது என்று முடிவெடுப்பது முதல் இரண்டு பேர்தான். மற்றப் பிரிவுகளிலும் நல்ல சம்பளமும் மரியாதையும் உண்டு. ஆனால் அங்கிருந்து முடிவெடுக்கும் பக்கம் தாண்டுவது வருடம் போகப் போகக் கடினம். எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான் வெறும் பி.காம். ஐஐஎம், சிஏ எதுவும் இல்ல. உள்ள நுழைய முடியுமா?

முடியும், சுற்றுவழியாக. நாட்டின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டு 1993-ல் தொடங்கியதே சென்னையில்தான். இன்றும் சுந்தரம் ஏஎம்சி இங்கேதான் இருக்கிறது. ஃபண்டு கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான். வெளிநாட்டு ஃபண்டுகளுக்கு என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) கணக்கிடுவது, நிறுவன நிதிநிலைத் தரவு சேகரிப்பது போன்ற வேலைகளும் சென்னையில் நிறைய. பி.காம் படித்தவர்களை இங்கே எடுக்கிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். என்ஏவி கணக்கிடும் வேலையில் நான்கு வருடம் இருந்தால் அதில் கெட்டிக்காரர் ஆவீர்கள். ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை மதிப்பு பெறும் என்று எடைபோடும் பழக்கம் அந்த வேலையில் வராது. அதனால் பக்கத்திலேயே வேறொன்றும் நடக்க வேண்டும்: ஒரு துறையை எடுத்து, அதிலுள்ள நான்கைந்து பட்டியலிட்ட நிறுவனங்களைத் தொடர்ந்து படித்து, காலாண்டுக்கு ஒருமுறை இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைப்பது. நிறுவனங்கள் அனலிஸ்ட்டுகளுடன் நடத்தும் கான் காலின் எழுத்து வடிவம் பங்குச்சந்தை இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் குறிப்புகள் பின்னால் எப்படிப் பயன்படும் என்பது தொடர்புகள் பற்றிய கேள்விகளில் வருகிறது.

சிஎஃப்ஏ படிச்சே ஆகணுமா? என்ஐஎஸ்எம் போதாதா?

இரண்டும் வேறு வேறு காரியத்துக்கு. என்ஐஎஸ்எம் தேர்வுகள் செபியின் (பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிப்படி ஒரு வேலையைச் செய்யத் தேவையான அனுமதிச் சீட்டு மாதிரி. மியூச்சுவல் ஃபண்டு விநியோகத்துக்கு 5-ஏ தேர்வு: தேர்ச்சிக்கு 50 சதவீதம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ரிசர்ச் அனலிஸ்ட்டுக்கு 15-ஆம் வரிசைத் தேர்வு: தேர்ச்சிக்கு 60 சதவீதம், தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால்வாசி கழியும். சான்றிதழ் 3 வருடத்துக்குத்தான் செல்லும். ஆய்வுப் பக்கம் போக நினைத்தால் 15-ஆம் வரிசையை வேலை கிடைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். செலவு குறைவு, விண்ணப்பத்தில் ஒரு கேள்வி குறையும்.

சிஎஃப்ஏ, முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தகுதித் தேர்வு, மூன்று நிலை. ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மூன்றையும் தாண்டிய பிறகும், முதலீட்டு முடிவுகளோடு தொடர்புடைய 4,000 மணி நேர வேலை அனுபவம், குறைந்தது 36 மாதத்தில், இருந்தால்தான் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட முடியும். கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரிய கல்லூரியின் பெயர் பின்னால் இல்லாதவருக்கு அது தரும் நன்மை அதிகம், ஐஐஎம்-இல் படித்தவருக்குக் குறைவு. பெண்களுக்கென்றே சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட் கட்டணச் சலுகை தருகிறது. பணம் கட்டிய பிறகு விண்ணப்பிக்க முடியாது என்பதால் முதலில் அதைப் பாருங்கள்.

முதல் நிலையிலேயே நிறைய பேர் தோத்துடறாங்களே, ஏன்?

சிஎஃப்ஏ முதல் நிலையில் 180 கேள்விகள், 90-90 ஆக இரண்டு பகுதி, பகுதிக்கு 135 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். பாடத்தை மூன்று முறை வாசித்துவிட்டுக் கணக்கே போடாமல் போகிறவர்கள் இந்த வேகத்தில்தான் மாட்டுகிறார்கள். படிக்கும் நேரத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கு மாதிரித் தேர்வுக்கே போக வேண்டும். தவறான விடைக்குக் கழிவு இல்லை, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

நெறிமுறைப் பாடத்துக்கு 15 முதல் 20 சதவீத எடை. பொது அறிவு போல இருக்கிறதே என்று கடைசி வாரத்துக்குத் தள்ளுவதுதான் வழக்கமான தவறு. கால்குலேட்டரிலும் இரண்டு வகைதான் அனுமதி: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ 2 பிளஸ், எச்பி 12சி. படிக்கத் தொடங்கும் நாளிலிருந்தே அதில் விரல் பழக வேண்டும்.

இந்தத் துறையில பெண்கள் ஏன் இவ்ளோ கம்மி? வேலை கஷ்டமா?

இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளில் பத்து ஃபண்டு மேனேஜர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை என்பதுதான் பல வருட நிலவரம். ராதிகா குப்தா 2017-இல் எடல்வைஸ் ஏஎம்சியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தீனா மேத்தா 2001-லேயே மும்பை பங்குச்சந்தையின் தலைவரானார். உச்சியில் சில பெயர்கள் சொல்ல முடிகிறது, நடுப்படிகள்தான் காலி.

வேலை கடினம்தான், ஆனால் அது ஆணுக்கும் அதே கடினம். நடுப்படி காலியாவதற்கு எங்கள் பார்வையில் இரண்டு காரணம். அனலிஸ்ட் ஒருவர் ஃபண்டு மேனேஜராக உயரும் வயதும், குழந்தை பிறக்கும் வயதும் ஒன்றாக வந்து விழுகின்றன. இரண்டாவது, அந்த உயர்வு விளம்பரம் போட்டு நடப்பதில்லை. மூடிய அறையில் யாரோ ஒருவர் ‘அவளிடம் கொடுக்கலாம், நான் பார்த்திருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். கிரிக்கெட்டிலும் ராத்திரிப் பார்ட்டியிலும் உருவாகும் பழக்கத்துக்கு வெளியே நிற்பவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

நெட்வொர்க்கிங்னா கார்டு கொடுத்து பல்லிளிக்கறதுதானே? எனக்கு அது வராது.

வர வேண்டியதில்லை. இந்தத் துறையில் தொடர்பு என்றால் உங்கள் வேலையின் தரத்தை நேரில் பார்த்தவர்கள் என்று அர்த்தம். லிங்க்ட்இன்னில் 3,000 பேர் இருந்து, ஒருவரும் உங்கள் குறிப்பு ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்றால் அந்த 3,000 பேரால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று: நெருங்கிய தோழிகளைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் வேலைச் செய்தி கொண்டுவருவார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் அருகே ஆய்வு செய்து 1973-ல் எழுதியது இது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6, அபூர்வமாகச் சந்திப்பவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் போன்றோருக்கு வருடத்துக்கு இரண்டு முறை உருப்படியாக ஏதாவது அனுப்பினால் போதும்.

முன்னப்பின்ன தெரியாத சீனியருக்கு எப்படி மெசேஜ் பண்றது? யாரும் பதிலே போடறதில்ல.

‘ஹாய் மேடம், வேலை ஏதும் இருக்கா, கைடு பண்ணுங்க’ என்று அனுப்பினால் பதில் வராது. படித்தவர் என்ன செய்யவேண்டும் என்பதே அதில் இல்லை. எழுதும் மொழி ஆங்கிலமாக இருந்தாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

‘வணக்கம். கோவையில் எம்.பி.ஏ இறுதியாண்டு படிக்கிறேன். பம்பு தயாரிக்கும் மூன்று பட்டியலிட்ட நிறுவனங்களை ஒரு வருடமாகப் படித்துவருகிறேன். செம்பு விலை ஏறிய காலாண்டுகளில் மூவரில் ஒருவருக்கு மட்டும் லாப விகிதம் குறையவில்லை. இங்குள்ள டீலர்கள் ஆறு பேரிடம் கேட்டதில், விலையை உடனே ஏற்றியதுதான் காரணம் என்கிறார்கள். சரக்கிருப்பையும் பார்க்க வேண்டுமா என்பது என் சந்தேகம். இரண்டு பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் ஒரு வரி பதில் போதும்.’

இதில் நான்கு விஷயம் கவனியுங்கள். யார் என்று ஒரு வரி. தானாக உழைத்துக் கண்டுபிடித்த ஒன்று. ஆம், இல்லை என்று அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வி. வேலை கேட்கவே இல்லை. பதில் வந்தால் சொன்னதைச் செய்து பார்த்து, இரண்டு மூன்று வாரம் கழித்து முடிவை எழுதுங்கள். பெரும்பாலோர் இந்த இரண்டாவது மடலை எழுதுவதே இல்லை. பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிட வேண்டும்.

எந்த அமைப்புல சேரலாம்? எல்லாத்துக்கும் காசு கேக்கறாங்க.

சிஎஃப்ஏ எழுதுகிறவர் என்றால் சிஎஃப்ஏ சொசைட்டி இந்தியா முதலில். இந்தியாவில் சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட் 2018-ல் தொடங்கிய ‘யங் விமன் இன் இன்வெஸ்ட்மென்ட்’ திட்டம், கல்லூரி முடிக்கும் பெண்களுக்குப் பயிற்சியும் இன்டர்ன்ஷிப்பும் சேர்த்துத் தருவதற்காக வந்தது. சேர்க்கை எப்போது திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலக அளவில் ‘100 விமன் இன் ஃபைனான்ஸ்’ இருக்கிறது. 2001-ல் நியூயார்க்கில் ஹெட்ஜ் ஃபண்டுகளில் (பணக்காரர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்குமான தனியார் ஃபண்டுகள்) வேலை பார்க்கும் பெண்களுக்காகத் தொடங்கியது. வெளிநாட்டு வேலை நோக்கம் இருந்தால் பயன்.

சேர்வதால் மட்டும் ஒன்றும் நடக்காது. ஒரே ஒரு அமைப்பில் சேர்ந்து அதில் வேலை ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்: பேச்சாளரை அழைப்பது, ஆய்வுப் போட்டிக்கு நடுவர்களை ஒருங்கிணைப்பது. அப்போது பெரிய ஆட்களுக்கு போன் போடக் காரணம் கிடைக்கும், சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிறவர் என்று அவர்களுக்கும் தெரியவரும்.

மீட்டிங் எல்லாம் ராத்திரி 7 மணிக்கு மேல. வீட்ல விடமாட்டாங்க, எனக்கும் முடியாது.

விட்டுவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை. எழுதி அனுப்பும் குறிப்புக்கு நேரம் காலம் கிடையாது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் அலுவலக நேரத்தில் 20 நிமிடம், அவருடைய அலுவலக வரவேற்பறையிலோ கீழே இருக்கும் காபிக் கடையிலோ கேளுங்கள். நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் முதலீட்டாளர் நாளும் பகலில்தான் நடக்கின்றன. அங்கே நல்ல கேள்வி கேட்பவரை அருகில் இருப்பவர்கள் மறக்கமாட்டார்கள்.

மென்டர் ஒருத்தர் இருக்காங்க. அது போதாதா?

மென்டர் உங்களிடம் பேசுவார். பதவி உயர்வு முடிவாகும் அந்த மூடிய அறையில் நீங்கள் இல்லாதபோது உங்களுக்காகப் பேசுகிறவர் ஸ்பான்சர். மென்டர் நல்ல மனசோடு உதவுகிறார், ஸ்பான்சர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். அதனால் அவர் உங்கள் வேலையை நேரடியாகப் பார்த்தவராக, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவராக இருக்க வேண்டும்.

ம்யூரியல் சீபர்ட் 1967-ல் நியூயார்க் பங்குச்சந்தையில் உறுப்பினர் இருக்கை வாங்கிய முதல் பெண். மற்ற 1,365 பேரும் ஆண்கள். உறுப்பினராகப் பரிந்துரை செய்ய ஆள் வேண்டும் என்பது விதி. கேட்ட முதல் பத்துப் பேரில் ஒன்பது பேர் மறுத்தார்கள். கடன் தருகிறோம் என்று வங்கியிடம் கடிதம் வாங்கிவா என்று அவருக்குப் புதிதாக ஒரு நிபந்தனை வேறு. பணமும் திறமையும் இருந்தும் பரிந்துரைக்கு ஆள் தேடித்தான் அவர் அலைந்தார். இன்று விதி இல்லை, பழக்கம் அதேதான். நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: வருட மதிப்பீட்டுக்கு மூன்று மாதம் முன்பே, மேலதிகாரி மட்டுமல்லாமல் இன்னொரு ஃபண்டு மேனேஜருக்கும் பயன்படும் ஓர் ஆய்வை எடுத்துச் செய்யுங்கள். ‘அடுத்த ஃபண்டில் உதவி மேனேஜராக என் பெயரைச் சொல்வீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமலே புரிந்துகொள்வார் என்று காத்திருந்து வருடங்களை இழந்தவர்கள் பலர்.

சீனியர் ஆண் ஒருத்தர் அடிக்கடி தனியா சந்திக்கக் கூப்பிடறாரு. வேலை விஷயமா, வேற ஏதாவதான்னு தெரியல.

இடத்தையும் நேரத்தையும் நீங்கள் மாற்றிப் பாருங்கள். பகலில், அலுவலகத்தில், இன்னொருவரையும் அழைத்து வருகிறேன் என்று சொன்னபின் ஆர்வம் குறைந்தால் பதில் கிடைத்துவிட்டது.

எல்லை மீறினால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்விசாரணைக் குழு இருந்தாக வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். வேலை நிமித்தம் போன கருத்தரங்க ஓட்டலும் பணியிடம்தான். அந்த ஆள் வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் உங்கள் நிறுவனம் உங்களுக்குத் துணை நிற்கக் கடமைப்பட்டது. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.

என் காலேஜ் ஃப்ரெண்டு ஒரு லிஸ்டட் கம்பெனியில ஃபைனான்ஸ்ல இருக்கா. ரிசல்ட் எப்படி இருக்கும்னு சும்மா கேக்கலாமா?

கூடாது. சும்மாவும் கூடாது. விலையைப் பாதிக்கக்கூடிய, வெளியிடப்படாத தகவலைச் சொல்வதும், கேட்டு வாங்குவதும், அதை வைத்து வியாபாரம் செய்வதும் செபியின் 2015-ஆம் ஆண்டு விதிப்படி குற்றம். அபராதம் 10 லட்சத்தில் தொடங்கி, 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை போகும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அவளால் தன் நிறுவனப் பங்கையே தொட முடியாது. அந்த நாட்களில் வேலைப் பேச்சே வேண்டாம்.

தொடர்பு வலை எப்படிக் கெடும் என்பதற்குக் கேலியன் வழக்கைவிட வேறு பாடம் வேண்டாம். கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம் நியூயார்க்கில் நடத்திய ஹெட்ஜ் ஃபண்டு அது. வார்ட்டன் கல்லூரியில் கூடப் படித்தவர்கள் தங்கள் வேலையில் தெரிந்துகொண்ட ரகசியத்தைச் சொன்னார்கள். 2009-ல் கைது, 2011-ல் 11 வருடச் சிறைத்தண்டனை. கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநராக இருந்த ரஜத் குப்தாவும் அடுத்த வருடம் குற்றவாளி என்று தீர்ப்பானார்.

கேட்காமலே காதில் விழுந்துவிட்டால்? யாருக்கும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யாதீர்கள், வாங்கவோ விற்கவோ செய்யாதீர்கள். அன்றே கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மேலே சொன்ன பம்பு டீலர்களிடம் கேட்பது இதில் சேராது. கடைத்தெருவில் விசாரித்து, பொதுத் தகவலோடு கோத்து, சொந்தமாக முடிவுக்கு வருவது நம் தொழில்.

குழந்தை பெத்துக்கிட்டா ட்ராக் ரெக்கார்டு போயிடுமா?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு; அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பக வசதி கட்டாயம். இது பலருக்கும் தெரியும். தெரியாதது ஃபேக்ட்ஷீட் (ஃபண்டு பற்றி ஏஎம்சி வெளியிடும் மாத அறிக்கை) விவகாரம்.

ஒவ்வொரு மாத ஃபேக்ட்ஷீட்டிலும் ஃபண்டு மேனேஜர் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து நிர்வகிக்கிறார் என்று இருக்கும். விடுப்பில் போகும்போது உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டு அறிவிப்பு வெளியிட்டால், திரும்பி வந்ததும் புதிய தேதியிலிருந்துதான் கணக்கு. ஐந்து வருட உழைப்பு காகிதத்தில் ஐந்து மாதமாகத் தெரியும். இதைத் தவிர்க்க ஒரு வழி, கர்ப்பத்தின் ஐந்தாவது ஆறாவது மாதத்திலேயே இணை மேனேஜர் ஒருவரைச் சேர்க்கச் சொல்லி, உங்கள் பெயரும் தொடருமா என்று கம்ப்ளையன்ஸிடம் கேட்டு எழுத்தில் வாங்குவது. அனலிஸ்ட் என்றால் வேறு கவலை: 26 வாரம் என்பது இரண்டு ரிசல்ட் சீசன் (காலாண்டு முடிவுகள் வெளியாகும் காலம்). உங்கள் துறையை யார் பார்ப்பது, திரும்பும்போது அது உங்களிடமே வருமா என்பதைப் போவதற்கு முன் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். போனஸ் எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

நாலு வருஷம் கேப் விழுந்துடுச்சு. இனிமே யாரு எடுப்பாங்க?

முதலில் சான்றிதழ்களைப் பாருங்கள். என்ஐஎஸ்எம் காலாவதி ஆகியிருக்கும், மறுபடி எழுத வேண்டும். பிறகு, முன்பு பார்த்த துறையிலேயே ஐந்து நிறுவனங்களை எடுத்து, விட்டுப்போன வருடங்களின் ஆண்டறிக்கையையும் கான் காலையும் படித்து, என்ன மாறியிருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். பழைய சகாக்களுக்கு வேலை கேட்டு எழுதாமல், அந்தக் குறிப்பை அனுப்புங்கள். கிரானோவெட்டர் சொன்ன ‘அபூர்வமாகச் சந்திப்பவர்கள்’ இவர்கள்தான். முழுநேர வேலையை எதிர்பார்த்து உட்காராமல் ஆறு மாத ஒப்பந்த வேலை வந்தாலும் ஏற்கலாம். பழைய பதவிக்கு ஒரு படி கீழே வருவது பரவாயில்லை, இரண்டு படி வேண்டாம்.

புது வேலைக்குச் சம்பளம் பேசும்போது எதை விடறாங்க?

ஏஎம்சியில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தங்கள் ஃபண்டு யூனிட்டாகவே பெற வேண்டும் என்று செபி 2021-ல் கொண்டுவந்தது. அது 3 வருடம் பூட்டு, அதுவரை விற்க முடியாது. 2025-ல் விதியைத் தளர்த்தினார்கள், சம்பள அளவைப் பொறுத்து விகிதம் மாறும். ஆகவே மொத்தச் சம்பளத்தில் மாதாமாதம் கையில் வருவது எவ்வளவு, பூட்டில் போவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வீட்டுக் கடனோ பிரசவமோ திட்டத்தில் இருந்தால் இது பெரிய வித்தியாசம். சந்தை நிலவரம் தெரிய வேறு வழியில்லை, அதே நிலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம், ஆண்களிடமும், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பெண்கள் குரூப்ல மட்டும் இருந்தா போதுமா?

சம்பளம், விடுப்பு, எந்த மேலதிகாரி எப்படி என்பதற்கு அந்தக் குழுதான் சிறந்தது. பதவி உயர்வுக்குப் போதாது. பத்தில் ஒன்பது ஃபண்டு மேனேஜர்கள் ஆண்களாக இருக்கும்போது உங்கள் ஸ்பான்சர் ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் வேண்டும்.

ஒரு ஜூனியர் பொண்ணு ரெஃபர் பண்ணச் சொல்றா. சரியா வேலை செய்யலன்னா என் பேரு கெடுமே?

கெடும். அதனால் பார்க்காத வேலைக்குச் சான்று சொல்லாதீர்கள். அவளிடம் ஒரு நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, பத்து நாளில் இரண்டு பக்கக் குறிப்பு கேளுங்கள். வந்தால் படித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் ‘இந்தக் குறிப்பைப் படித்தேன், எண்கள் சரியாக இருந்தன, நேர்காணலுக்கு அழைக்கலாம்’ என்று எழுதி, குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள். நீங்கள் பொறுப்பேற்பது அந்த இரண்டு பக்கத்துக்குத்தான். வராவிட்டால் நீங்கள் மறுக்க வேண்டிய வேலையே இல்லை. நன்றாக இல்லாவிட்டால் எங்கே தவறு என்று நாலு வரி எழுதி, திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.